இரண்டு நாளில் இருபது ஆண்டு: வர்த்தக ஒப்பந்தத்தில் சிக்கிய ஒரு மின்னூல் பட்டியல்

கனடாவில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோ பகுதியில் ஆறு பேர் சேர்ந்து நடத்தும் ஒரு தன்னார்வக் குழுவுக்கு 2018 முதல் 2023 வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். அந்த ஆறு பேரில் நானும் ஒருவன். யாருடைய பெயரையும் எழுதவில்லை. நூல்களின் பெயரும் இல்லை, ஏனென்றால் அவற்றில் பல இன்னும் வாரிசுகளின் உரிமையில் இருக்கின்றன. இதே வேலையில் இறங்குகிறவர்கள் எங்கள் கணக்கு எங்கே பிசகியது என்று பார்த்துக்கொள்ளட்டும்.

பின்னணி

எங்கள் வேலை எளியது, ஆனால் மெதுவானது. பழைய தமிழ் நூல் ஒன்றை ஸ்கேன் செய்வோம். எழுத்துணரி மென்பொருளில் போட்டு எழுத்தாக்கி, மெய்ப்புப் பார்த்து, மின்னூலாக்கி இலவசமாகக் கொடுப்போம். நேரம் போவது மெய்ப்பில்தான். எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் ‘லை’யும் ‘னை’யும் யானைத் தும்பிக்கையோடு பழைய வடிவில் இருக்கும், மென்பொருள் அவற்றைக் கண்டால் திணறும். ‘ர’வையும் துணைக்காலையும் போட்டுக் குழப்பும். குழுவில் எண்பதைத் தாண்டிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். மூலப் பக்கத்தின் மேல் அடிமட்டத்தை வைத்து வரிக்கு வரி நகர்த்தி, திரையோடு ஒப்பிடுவார். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பக்கம். அதற்கு மேல் கண் விடாது.

இந்த வேலைக்குக் கனடா தோதான இடமாக இருந்தது. கனடாவின் பதிப்புரிமைச் சட்டம் 1921இல் இயற்றப்பட்டு 1924இல் நடைமுறைக்கு வந்தது. எழுத்தாளர் இறந்த பின் 50 ஆண்டு உரிமை, அதன் பிறகு நூல் எல்லோருக்கும் பொது. பதிப்புரிமைக்கான சர்வதேச உடன்படிக்கையான பெர்ன் உடன்படிக்கை கேட்கும் ஆகக் குறைந்த அளவும் அதுதான். இந்தியாவிலும் 50தான் இருந்தது. 1941இல் மறைந்த தாகூரின் நூல்களுக்கு உரிமை முடியப்போகிறது என்றதும் 1992இல் அதை 60 ஆக்கினார்கள். இலங்கை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் 70க்குப் போனது. ஆகவே 1971இல் மறைந்த ஓர் எழுத்தாளரின் நூல் கனடாவில் 2022 ஜனவரி முதலாம் திகதி பொதுவாகிவிட்டது. சென்னையில் அதற்கு 2032 வரையும், யாழ்ப்பாணத்தில் 2042 வரையும் காத்திருக்க வேண்டும். எழுதிய ஊரில் கட்டப்பட்டிருக்கும் தமிழ் நூல் ஸ்காபரோவில் அவிழ்ந்து கிடந்தது. அந்த இடைவெளிக்குள்தான் நாங்கள் வேலை செய்தோம்.

ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒரு பட்டியல் போடுவது எங்கள் வழக்கம். ‘அறுபத்தொன்பதுக்காரர்’, ‘எழுபதுக்காரர்’ என்று இறந்த ஆண்டைச் சொல்லித்தான் எழுத்தாளர்களைக் குறிப்பிடுவோம். கேட்கக் கொஞ்சம் கொடூரம்தான்.

ஒப்பந்தங்கள் வந்த வழி

அமெரிக்கா 1998இல் தன் சட்டத்தை 70 ஆண்டாக்கியது. அதன் பிறகு போட்ட வர்த்தக ஒப்பந்தங்களில் எதிர்த்தரப்பிடமும் அதையே கேட்டது. சிங்கப்பூரும் அவுஸ்திரேலியாவும் அப்படித்தான் 2000களின் நடுவில் 50இலிருந்து 70க்குப் போயின. கனடா அமெரிக்காவோடு 1994 முதல் நாஃப்டா என்ற வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்தில் இருந்தும் 50ஐ விடவில்லை.

முதல் சலனம் பசிபிக் நாடுகள் 12 சேர்ந்து 2016 பெப்ரவரியில் ஒக்லாந்தில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் வந்தது. அதில் 70 இருந்தது. 2017 ஜனவரியில் அமெரிக்கா விலகியதும் மிச்சம் 11 நாடுகள் 22 விதிகளை ஒதுக்கிவைத்து, 2018 மார்ச்சில் சந்தியாகோவில் மறுபடி கையெழுத்திட்டன. ஒதுக்கப்பட்டவற்றில் 70 ஆண்டும் ஒன்று. அன்று மாலை மாஸ்டர் வடை வாங்கிக்கொண்டு வந்தார். தப்பிவிட்டோம் என்று நினைத்தோம்.

அந்த நினைப்பு ஆறேழு மாதம் நிலைத்தது. நாஃப்டாவுக்குப் பதிலாக வந்த கனடா–அமெரிக்கா–மெக்சிகோ ஒப்பந்தத்தின் வாசகம் அதே ஆண்டு செப்டெம்பர் 30 இரவு முடிவானது. செய்திகள் முழுக்கக் காரும் பாலும்தான்: கார் உதிரிப்பாகத்தில் எத்தனை வீதம் வட அமெரிக்காவில் செய்யப்பட வேண்டும், கனடாவின் பால் சந்தை எவ்வளவு திறக்கும். 70 ஆண்டு, அறிவுசார் சொத்து அத்தியாயத்துக்குள் ஒரு விதியாக இருந்தது. மெக்சிகோவில் ஏற்கெனவே 100 ஆண்டு, அமெரிக்காவில் 70. மூவரில் மாற வேண்டியிருந்தது கனடா மட்டும்தான்.

நாங்கள் கவனித்தவை

எங்கள் குழுவின் மாணவி ஒருத்தி (சட்டம் படிக்கவில்லை, நூலகவியல்) ஒப்பந்தத்தின் கடைசிப் பகுதியை வாசித்துவிட்டு வந்து சொன்னாள்: கனடாவுக்கு மட்டும் இந்த விதிக்கு இரண்டரை ஆண்டு அவகாசம் உண்டு. ஒப்பந்தம் 2020 ஜூலை முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. அப்படியானால் 2022 முடிவுக்குள் சட்டத்தை மாற்ற வேண்டும்.

எங்களுக்குள் வாதம் தொடங்கியது இந்த இடத்தில்தான். 1972இல் மறைந்தவர்களின் உரிமையும் 2022 முடிவில்தானே தீர்கிறது? அப்படியானால் அவர்கள் தப்பிவிடுவார்களா, மாட்டார்களா?

சட்டத்தின் கணக்கு நாள் கணக்கு அல்ல. எழுத்தாளர் ஜனவரியில் இறந்தாலும் டிசம்பரில் இறந்தாலும், இறந்த ஆண்டின் மிச்சத்தை விட்டு அடுத்த ஜனவரியிலிருந்துதான் 50ஐ எண்ண வேண்டும். ஆகவே 1972காரர் எல்லோருக்கும் உரிமை 2022 டிசம்பர் 31 நள்ளிரவில்தான் தீரும். அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் புதுச் சட்டம் வந்தாலும் உரிமை உயிரோடு இருக்கிறது, நீண்டுவிடும். பொதுவாகிவிட்ட நூலை மறுபடி இழுத்துக் கட்டமாட்டார்கள், ஆனால் இன்னும் பொதுவாகாததை விடவும் மாட்டார்கள்.

மாணவி இதைத் தெளிவாகச் சொன்னாள். நான் ஏற்கவில்லை. “அரசாங்கம் எந்தக் காலத்தில் கெடுவுக்கு முன்னாடி வேலை முடிச்சிருக்கு?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒருங்கிணைப்பாளன் என்ற முறையில் நான் செய்த பிழை அதுதான்; அந்தச் சிரிப்பையே முடிவாக எடுத்துக்கொண்டேன். 2020 நவம்பரில் 1972 பட்டியலின் 11 நூல்களையும் ஸ்கேன் செய்யத் தொடங்கினோம்.

2021: கருத்துக் கேட்பு

2021 பெப்ரவரியில் அரசு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. நீட்டலாமா என்பது கேள்வி அல்ல. எப்படி நீட்டுவது என்பதுதான் கேள்வி. ‘ஆமா, இல்லையா’ என்பதை ஒப்பந்தம் ஏற்கெனவே தீர்த்துவிட்டிருந்தது.

ஆனாலும் ‘எப்படி’ என்பதில் இடம் இருந்தது. 2019 ஜூனில் பாராளுமன்றத்தின் கைத்தொழில் குழு ஒரு பரிந்துரை செய்திருந்தது: நீட்டத்தான் வேண்டுமென்றால், கூடுதலான 20 ஆண்டுக்கு உரிமை கோருகிறவர்கள் பதிவு செய்துகொள்ளட்டும். விற்கிற நூலுக்கு வாரிசு பதிவு செய்வார். மறந்துபோன நூலுக்கு யாரும் செய்யமாட்டார்கள், அது பொதுவுக்கு வந்துவிடும். பெர்ன் உடன்படிக்கை இத்தகைய சம்பிரதாயங்களைத் தடுக்கிறது என்பது ஒரு வாதம். அந்தத் தடை உடன்படிக்கை கேட்கும் 50 ஆண்டுக்குத்தான், அதற்கு மேல் போகும்போது இல்லை என்பது இன்னொரு வாதம். எங்களுக்கு இரண்டாவதுதான் சரியாகப் பட்டது. இரண்டு பக்கக் கடிதம் எழுதி அனுப்பினோம்.

பதிவு முறை வரவில்லை. 2022 ஜூன் 23இல் சட்டமானது வரவு செலவுத் திட்ட நடைமுறைச் சட்டத்தின் ஒரு பிரிவு, அதில் வெறும் 50ஐ 70 ஆக்கியிருந்தார்கள். பதிப்புரிமைக்கென்று தனி மசோதாகூட இல்லை. 2015இல் ஒலிப்பதிவுகளுக்கு 50ஐ 70 ஆக்கியபோதும் இதே வழிதான். பழியை முழுக்க ஒப்பந்தத்தின் மேல் போடுவதை நான் ஏற்பதில்லை. அது 70 கேட்டது, உண்மை. அதை எந்த வடிவில் கொடுப்பது என்பதில் ஒட்டாவாவில் இருக்கும் அரசுக்கு ஒரு தெரிவு இருந்தது, அதைப் பயன்படுத்தவில்லை.

2022 இரண்டாம் பாதி: எடுத்த முடிவுகள்

நடைமுறைத் திகதி 2022 டிசம்பர் 30 என்று தெரியவந்தது. வெள்ளிக்கிழமை. 1972காரர் பொதுவாக வேண்டிய நாள் ஞாயிறு. ஞாயிறு வர இரண்டு நாள் இருக்கையில் கதவு சாத்தப்பட்டது, இனித் திறப்பது 2043 ஜனவரி முதலாம் திகதி. இடைப்பட்ட இருபது புத்தாண்டுக்கும் எங்களிடம் புதிய பெயர் எதுவும் இருக்காது.

11 நூலில் எட்டு முழுதாகத் தயாராக இருந்தது. என்ன செய்யலாம் என்று நூலகத்தின் கூட்ட அறையில் இருந்து பேசினோம்.

டிசம்பர் 30க்கு முன்பே போட்டுவிடலாம் என்றார் ஒருவர். அது எளிதாக நிராகரிக்கப்பட்டது. உரிமை உயிரோடு இருக்கும்போது வெளியிடுவது மீறல்தான். அதற்குப் பிறகு யாரிடம் போய் அனுமதி கேட்க முடியும்?

மின்னூல்கள் இருக்கும் வழங்கியை (சர்வரை) நியூசிலாந்தில் வைக்கலாம் என்பது இரண்டாவது யோசனை. அங்கே இன்னும் 50தான். தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டோம். “நீங்கள் ஸ்காபரோவில் இருந்துதானே ஏற்றுகிறீர்கள்?” என்று மட்டும் கேட்டார். அதோடு அது முடிந்தது. நியூசிலாந்தும் ஐரோப்பிய ஒன்றியத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் 70க்கு ஒப்புக்கொண்டுவிட்டது, சில ஆண்டு அவகாசத்தோடு.

மூன்றாவது, வாரிசுகளைத் தேடிப்பிடித்து அனுமதி கேட்பது. இதைத்தான் எடுத்தோம். கனடாச் சட்டத்தில் இதற்குத் தோதான ஒரு பழைய விதி இருக்கிறது. எழுத்தாளர் உயிரோடு இருக்கும்போது உரிமையைப் பதிப்பகத்துக்கு எழுதிக்கொடுத்திருந்தாலும், அவர் இறந்து 25 ஆண்டு ஆனதும் கனடாவுக்குள் அந்த உரிமை வாரிசுகளிடம் திரும்பிவிடும். 1972காரருக்கு அது 1997இலேயே திரும்பியாயிற்று. ஆகவே பதிப்பகத்தை அல்ல, குடும்பத்தைத் தேட வேண்டும்.

நடந்தது

11 நூல்கள் ஐந்து எழுத்தாளர்களுடையவை.

ஒருவரின் நூல் ஒன்று தமிழ்நாடு அரசால் பல ஆண்டுகளுக்கு முன்பே நாட்டுடைமை ஆக்கப்பட்டவற்றில் சேர்ந்தது என்று தேடும்போது தெரிந்தது. அரசு குடும்பத்துக்குப் பணம் கொடுத்து உரிமையைப் பொதுவுக்கு விட்டிருக்கிறது. முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது. அசடு வழிந்துகொண்டு அதை வெளியிட்டோம்.

இன்னொருவருக்குச் சென்னையில் இரண்டு பிள்ளைகள். ஒரே வாரத்தில் கையெழுத்திட்டு அனுப்பினார்கள். மூன்று நூல்.

மூன்றாமவரின் குடும்பம் பணம் கேட்டது. கேட்டது நியாயம்தான், எங்களிடம்தான் பணம் இல்லை. ஒரு நூல் நின்றது.

நான்காமவர் யாழ்ப்பாணத்துக்காரர், நான்கு நூல். அவருடைய பேத்தி ஊரில்தான் இருக்கிறார். தொலைபேசியில் பேசினேன்.

“அப்பப்பாவின்ர புத்தகத்தை ஆராவது வாசிக்கினமெண்டால் சந்தோசம்தானே தம்பி. அதுக்கு ஏன் என்னட்டக் கேக்கிறியள்?”

“இல்லை அக்கா, சட்டப்படி கனடாவில உரிமை உங்கட ஆக்களிட்டத்தான் இருக்கு. இன்னும் இருபது வருசத்துக்கு.”

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. “எனக்கே தெரியாத உரிமையோ?” என்றார்.

அவர் கையெழுத்திட்டார். கொழும்பில் ஒரு சித்தப்பா, அவரும் இட்டார். இலண்டனில் இருந்த, எழுத்தாளரின் இன்னொரு மகனும் இட்டார். பாரிஸில் இருந்த நான்காவது வாரிசு மறுத்துவிட்டார். நூலில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. ஊரில் ஒரு காணித் தகராறு, “அண்ணன் போட்ட பேப்பரில நான் போடமாட்டன்” என்று சொல்லிவிட்டார். கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் மறுத்தாலும் வெளியிட முடியாது. நான்கும் நின்றன.

ஐந்தாமவரின் வாரிசுகளைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. 1980களில் ஊரைவிட்டுப் போன குடும்பம் என்பதோடு தடம் அறுந்தது. அவருடைய இரண்டு நூலில் ஒன்றுக்கு, மாஸ்டரின் பெட்டியில் இருந்த படியைத் தவிர வேறு எதையும் நாங்கள் பார்த்ததில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்த பிறகு, ‘வேறு படி எங்கே’ என்ற கேள்விக்கு ஈழத்து நூல்கள் பலவற்றுக்குப் பதில் இப்படித்தான் இருக்கிறது. உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத நூல்களுக்குக் கனடாவின் பதிப்புரிமைச் சபை உரிமம் கொடுக்கலாம். தேடியதற்கான ஆதாரங்களைக் கோப்பாக்கத் தொடங்கினோம், பாதியில் நிறுத்தினோம். அந்த உரிமம் கனடாவுக்குள் மட்டும்தான் செல்லும். இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவைக்கும் எங்கள் முறைக்கு அது பொருந்தாது.

ஆக 11இல் நான்கு வெளிவந்தது. ஏழு நின்றது.

இந்தத் திகதியின் விசித்திரம் புரிய, எங்கள் பட்டியலில் இல்லாத ராஜாஜியை எடுத்துக்கொள்ளலாம். அவர் மறைந்தது 1972 டிசம்பர் 25. யாரிடம் உரிமை, யார் விட்டுக்கொடுத்தார் என்பதையெல்லாம் தள்ளிவைத்து ஆண்டுக் கணக்கை மட்டும் பார்ப்போம். பழைய சட்டப்படி கனடாவில் 2023இல் பொது. இந்தியாவில் 2033. புதிய சட்டப்படி கனடாவில் 2043. தாய்நாட்டில் உரிமை தீர்ந்தால் இங்கேயும் தீரும் என்ற விதி கனடாவில் தனி ஆசிரியர் நூல்களுக்கு இல்லை. ஆகவே 2033க்குப் பிறகு பத்து ஆண்டு, சென்னையில் யாரும் அச்சிடக்கூடிய பக்கத்தை ரொறன்ரோவில் அனுமதி இல்லாமல் அச்சிட முடியாது. முன்பு இருந்த இடைவெளி அப்படியே தலைகீழாகிவிட்டது. 1973 டிசம்பர் 24இல் மறைந்த பெரியாருக்கும் இதே கணக்கு, ஓர் ஆண்டு தள்ளி.

மறுபடி செய்தால்

ஏழு நூல் நின்றுபோனது என்னைப் பெரிதாக உறுத்தவில்லை. அந்த இரண்டு ஆண்டில் செய்யாமல் விட்டவைதான் உறுத்துகின்றன. 1971க்கு முன் மறைந்தவர்களின் நூல்கள் ஐம்பதுக்கு மேல் எங்கள் அலமாரியில் கிடந்தன. அவை பொதுவாகிவிட்டவை, எந்த ஒப்பந்தமும் தொட முடியாதவை. மாஸ்டரின் பன்னிரண்டு பக்கத்தை அவற்றுக்குக் கொடுத்திருக்க வேண்டும். இப்போது அதைத்தான் செய்கிறோம்.

வாரிசுத் தேடலை ஸ்கேனுக்கு முன்பே தொடங்குவோம். நாட்டுடைமைப் பட்டியலைப் பார்க்காமல் ஒரு பக்கம்கூடத் திருப்புவதில்லை. அப்புறம், அயலையும் பார்த்திருக்க வேண்டும். ஜப்பானில் 70 ஆண்டு நடைமுறைக்கு வந்தது 2018 டிசம்பர் 30. பசிபிக் ஒப்பந்தத்தில் அது ஒதுக்கப்பட்ட பிறகும், ஐரோப்பிய ஒன்றியத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் இருந்ததால் ஜப்பான் நீட்டியது. அங்கே 1968இல் மறைந்தவர்கள் எங்கள் 1972காரரைப் போலவே இரண்டு நாளில் தவறவிட்டார்கள். அதை நான் அறிந்திருந்தால், கெடுவைப் பற்றிய அந்த நகைச்சுவையைச் சொல்லியிருக்கமாட்டேன். ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் பதிப்புரிமைச் சட்டத்தைப் புரட்டிப் பயனில்லை. ஒப்பந்தத்தின் அவகாச விதியைத்தான் புரட்ட வேண்டும். அந்த மாணவி செய்தது அதுதான். இப்போது திகதிக் கணக்கு முழுவதும் அவளுடைய பொறுப்பு.

நின்றுபோன ஏழில் ஒன்றுக்கு மட்டும் ஒரு வழி திறந்தது. அச்சைப் படிக்க முடியாதவர்களுக்காக, இலாப நோக்கில்லாத அமைப்பு ஒன்று தனி வடிவில் படி எடுத்துக் கொடுக்க சட்டம் இடம் தருகிறது. இதை உலக அளவில் விரித்த மராக்கேஷ் உடன்படிக்கை, 2016இல் கனடா சேர்ந்ததோடுதான் நடைமுறைக்கு வந்தது; முதலில் ஏற்ற நாடு இந்தியா. சர்க்கரை வியாதியில் பார்வை போன ஓர் அம்மா எங்களுக்குத் தெரிந்தவர். அந்த யாழ்ப்பாணத்துக்காரரின் நூல் ஒன்றை மாஸ்டர் அத்தியாயம் அத்தியாயமாக வாசித்து அவருக்காக ஒலிப்பதிவு செய்கிறார். ஏழாவது அத்தியாயம் இன்னும் வந்து சேரவில்லையே என்று நேற்றும் அந்த அம்மா தொலைபேசியில் கேட்டார்.